அளவுச் சட்டை பொய் சொல்லும்போது: நாற்பதைத் தாண்டியவர்களின் உடுப்புக் கோளாறுகளும் திருத்தமும்

யாழ்ப்பாணத்தில் சாறிச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது துணியோடு ஒரு பழைய சட்டையும் பைக்குள் போகும். அளவுச் சட்டை. "இதின்ரை அளவுக்கே தையுங்கோ, கமக்கட்டை மட்டும் கொஞ்சம் விடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அந்தச் சட்டை முப்பது வயதில் எடுத்த அளவு. அதைப் பார்த்து ஒன்று தைத்து, அதைப் பார்த்து இன்னொன்று தைத்து, இன்று கையில் இருப்பது நாலாவது பிரதி. உடம்பு இதற்கிடையில் எங்கேயோ போய்விட்டது.

மாதவிடாய் நிற்பது பெரும்பாலானவர்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள். அதையொட்டிய ஆண்டுகளில் உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊதுவதில்லை. முன்பு தொடையிலும் இடுப்புக்குக் கீழும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு வருகிறது. மார்பில் சுரப்பி இழையம் குறைந்து கொழுப்பு கூடுவதால் அது தளர்ந்து இறங்குகிறது. மேல்முதுகு கொஞ்சம் வளைகிறது, மேற்கை தடிக்கிறது. நாடா பிடித்துப் பார்த்தால் மார்புச் சுற்று பழையபடி 38 ஆகவே இருக்கலாம். ஆனால் அந்த 38இல் முன்னுக்கு எவ்வளவு, முதுகுக்கு எவ்வளவு என்ற பங்கு மாறியிருக்கும். பக்கத் தையலை விட்டுக்கொண்டே போனாலும் சட்டை சரிவராமல் இருப்பது இதனால்தான்.

ஆகவே உடுப்பு பொருந்தாவிட்டால் "மெலிய வேண்டும்" என்று தொடங்க வேண்டாம். எங்கே பிழை என்று துணியே சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

துணி சொல்வதைப் படிப்பது

பகல் வெளிச்சத்தில், ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால், வழக்கமாகப் போடும் உள்ளாடையோடு நின்று பாருங்கள். கைகளைத் தொங்கவிடுங்கள். வயிற்றை எக்க வேண்டாம். கலியாண வீட்டில் நாலு மணித்தியாலம் யாரும் எக்கிக்கொண்டு இருப்பதில்லை.

குறுக்கே இறுகிய கோடுகள் விழுந்தால் அந்த இடத்தில் அகலம் போதாது. குறுக்கே தளர்ந்த மடிப்பு என்றால் நீளம் கூட. நெடுக்காகத் தொங்கும் மடிப்பு அகலம் கூட என்பதைக் காட்டும். சாய்ந்து ஓடும் கோடுதான் உதவியானது: அது எந்த இடத்தை நோக்கி ஓடுகிறதோ, கோளாறு அங்கேதான். மார்பிலிருந்து கமக்கட்டுக்கு ஓடினால் ஒரு கதை, கழுத்திலிருந்து தோள்மூட்டுக்கு ஓடினால் வேறு கதை.

பிறகு ஒரு கதிரையில் இருந்து பாருங்கள். இருக்கும்போது இடுப்பும் வயிறும் பலருக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் வரை கூடும். நின்று மட்டும் அளந்து தைத்த உடுப்பு, பந்தியில் இருந்ததும் உண்மையைக் காட்டிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது: பிறா

சட்டையைக் குறை சொல்ல முன்னர் இதைப் பார்க்காவிட்டால் கீழே சொல்லும் எந்தத் திருத்தமும் நிலைக்காது. தளர்ந்த பிறாவோடு அளவெடுத்தால் மார்பின் உயரமே தவறாகப் பதியும்.

முதுகுப் பட்டை மேலே ஏறி, வளைந்து நிற்கிறதா? பட்டை பெரிது. பாரத்தைத் தாங்க வேண்டியது பட்டைதான், தோள் வார் அல்ல. பட்டை தளர்ந்ததும் பாரம் முழுவதும் வாருக்குப் போகிறது, வார் தோளில் பள்ளம் வெட்டுகிறது. அந்த நேரம் வாரை இறுக்குவது எல்லோரும் செய்யும் பிழை. இறுக்க இறுக்கப் பட்டை இன்னும் மேலே ஏறும். பட்டை அளவை ஒன்று குறைத்து, கிண்ண அளவை ஒன்று கூட்டிப் பாருங்கள். 38பி போடுபவருக்கு 36சி பொருந்துவது அடிக்கடி நடக்கும்.

புதிதாக வாங்கும்போது கடைசிக் கொழுக்கியில், அதாவது ஆகத் தளர்வான கொழுக்கியில், சரியாகப் பிடிக்க வேண்டும். பட்டைக்கும் முதுகுக்கும் இடையில் இரண்டு விரல் போகலாம், அதற்கு மேல் போகக் கூடாது. இலாஸ்ரிக் நாளாக நாளாக இழுபடும். அப்போது உள்கொழுக்கிகளுக்கு மாறலாம்.

சரியான உயரத்துக்கு ஒரு குறி: தோள்மூட்டுக்கும் முழங்கைக்கும் நடுப்புள்ளி. மார்பின் முனை ஏறக்குறைய அந்த மட்டத்தில் நிற்க வேண்டும்.

அறிகுறி: கொழுக்கிகளுக்கு இடையில் சட்டை பிளந்து நிற்கிறது

இது ஆகக் கூடுதலாக வரும் முறைப்பாடு. ஆகக் கூடுதலாகத் தவறாகத் திருத்தப்படுவதும் இதுதான்.

சட்டையைப் போட்டுக்கொண்டு யாரையாவது முதுகுப் பக்கத் துணியைக் கிள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் கையில் வந்தால் சட்டை சிறிதல்ல, பங்கு பிழை. முன்பாகம் ஒடுக்கம், முதுகு அகலம். இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, முன்பாகத்தின் உள்மடிப்பிலிருந்து துணியை விட்டு, முதுகுப் பாகத்தை அதே அளவுக்கு உள்ளே பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் முன்னுக்கு அரை அங்குலம் கொடுத்து முதுகில் அரை அங்குலம் எடுத்தால் மொத்தச் சுற்று மாறாது, ஆனால் முன்பக்கத்துக்கு ஒரு அங்குலம் கிடைக்கும். பெரும்பாலான பிளவு அதோடு மூடும்.

முதுகில் கிள்ள ஒன்றும் இல்லையென்றால் உண்மையிலேயே இறுக்கம். உள்மடிப்பில் துணி இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல தையல்காரர் பக்கத்துக்கு ஒரு அங்குலம் விட்டிருப்பார். முன் பின் இரண்டு பாகத்திலும், இரண்டு பக்கமும் என்றால் மொத்தம் நாலு அங்குலம் வரை கிடைக்கும். றெடிமேட் சட்டைகளில் இந்த இடம் கால் அங்குலத்துக்கு ஓவர்லொக் அடித்து வெட்டுப்பட்டிருக்கும், விட ஒன்றுமில்லை.

கொழுக்கிகளைச் சும்மா கூட்டித் தைப்பது மூன்றாவது வழி. ஒன்றேகால் அங்குல இடைவெளியில் இருப்பதை முக்கால் அங்குலமாக்கினால் பிளவு தெரியாது. ஆனால் இறுக்கம் அப்படியே இருக்கும். அடுத்ததாகக் கிழிவது பட்டித் துணி. பிளவு மிகச் சிறியது என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். அதோடு உட்புறம் ஒரு அங்குல அகலத்தில் ஒரு மறைப்புப் பட்டியும் வைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: கையைத் தூக்கினால் சட்டை முழுக்க மேலே வருகிறது

பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பதுபோலக் கையை உயர்த்துங்கள். சட்டையின் கீழ்விளிம்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறி, கை இறக்கிய பிறகும் அங்கேயே நின்றால் கைவளைவு தாழ்வாக வெட்டப்பட்டிருக்கிறது.

இது பலருக்கு நம்பக் கடினம். "கமக்கட்டு வெட்டுது" என்றதும் வளைவை இறக்கச் சொல்கிறோம், தைப்பவரும் இறக்கிவிடுகிறார். ஆனால் கை சட்டையோடு சேரும் இடம் உடம்பின் கமக்கட்டுக்கு எவ்வளவு கீழே போகிறதோ, அவ்வளவுக்குக் கையோடு உடலும் சேர்ந்து இழுபடும். சரியான வளைவு கமக்கட்டுக்கு ஒரு விரல் கீழே, ஏறக்குறைய முக்கால் அங்குலம். அதற்குக் கீழே போனால் சட்டையை இழுக்காமல் கையைத் தூக்க முடியாது. கரும்பலகையில் எழுதும் ரீச்சர்மாருக்கு இது அன்றாடத் தொல்லை.

தைத்த சட்டையில் வளைவை உயர்த்த முடியாது. ஆனால் கமக்கட்டில் ஒரு துண்டு வைக்கலாம். இரண்டரை அங்குலச் சதுரத் துணியை, இழை குறுக்காக ஓடும்படி வெட்டி, பக்கத் தையலும் கைத் தையலும் சந்திக்கும் இடத்தைப் பிரித்து வைரக்கல் வடிவில் பொருத்த வேண்டும். மிச்சத் துணி இல்லாவிட்டால் கையின் உள்மடிப்பிலிருந்து எடுக்கலாம். வெளியே தெரியாத இடம்.

கமக்கட்டின் முன்பக்கம் மட்டும் சிவந்து அழுந்தினால் அது வேறு. அங்கே வளைவின் முன்பாதியை மட்டும் கால் அங்குலம் உள்ளே குடைய வேண்டும். அடியைத் தொடக் கூடாது. தைப்பவரிடம் சொல்லும்போது "இறக்க வேண்டாம் அக்கா, முன்னுக்கு மட்டும் கால் குடையுங்கோ" என்று சொற்களைப் பிரித்துச் சொல்லுங்கள். இரண்டு சொல்லும் ஒன்றாகக் கேட்டால் கத்தரி கீழே போகும்.

மேற்கையில் சட்டை விளிம்பு தழும்பு போட்டால், கையை மடித்து, ஆகத் தடித்த இடத்தை அளந்து, ஒன்றரை அங்குலம் கூட்டுங்கள். கை நீளத்தை அந்தத் தடித்த இடத்திலேயே முடிக்காதீர்கள். கை முடியும் கோடு எங்கே விழுகிறதோ கண்ணும் அங்கே விழும். முழங்கைக்கு ஒன்றரை அங்குலம் மேலே முடிப்பது அநேகருக்குப் பொருந்தும்.

அறிகுறி: டாட் கூர்ந்து நிற்கிறது, மார்பு அதற்குக் கீழே இருக்கிறது

அளவுச் சட்டை சொல்லும் ஆகப் பெரிய பொய் இது. டாட் என்பது மார்புக்கு வடிவம் கொடுக்கத் துணியைக் கூம்பாகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு. அதன் முனை பழைய உயரத்தில் நிற்கிறது. மார்பு ஒன்று, ஒன்றரை அங்குலம் இறங்கிவிட்டது. முனையில் வெறும் துணி கூம்பாகக் குவிய, அதற்குக் கீழே துணி இறுகுகிறது.

இரண்டு அளவுகள் புதிதாக வேண்டும்: தோள் தையல் கழுத்தைத் தொடும் இடத்திலிருந்து மார்பின் முனை வரை நேரே கீழே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குறுக்கே. இந்த இரண்டும் பழைய சட்டையிலிருந்து எடுக்கவே கூடாது. டாட் மார்பு முனையைத் தொடக் கூடாது. ஒரு அங்குலம் முன்னதாகவே நிற்க வேண்டும். தொட்டால் துணி ஊசிபோலக் கூர்ந்து நிற்கும். டாட்டைத் தைத்து முடிக்கும்போது கடைசி நாலைந்து தையலைத் துணியின் விளிம்போடு ஒட்டி ஓட்டி, பின்னால் அடிக்காமல் நூலைக் கையால் முடிய வேண்டும். பின்னடித்தால் அங்கேயும் ஒரு முடிச்சுக் குவியும்.

தைத்த சட்டையில் டாட்டை இறக்கலாம். பருத்தி என்றால் பழைய ஊசித் தடம் ஒரு தோய்ப்பில் மறையும். பட்டில் மறையாது.

அறிகுறி: கழுத்து முன்னால் பிளக்கிறது, தோள் நழுவுகிறது

மேல்முதுகு வளையும்போது முதுகுக்கு நீளம் கூட வேண்டியிருக்கும், நெஞ்சின் மேற்பகுதிக்குக் குறைவாகவே போதும். அளவுச் சட்டையில் இரண்டும் பழையபடி. ஆகவே சட்டை பின்னோக்கி இழுபட்டு, முன்கழுத்து வாய் திறக்கிறது. குனிந்து பந்தி பரிமாறும்போது கையால் நெஞ்சைப் பொத்த வேண்டியிருப்பது இதனால்.

தோள் தையலைப் பிரித்து, கழுத்துப் பக்கம் முன்துணியை மட்டும் கால் அங்குலம் முதல் எட்டில் மூன்று அங்குலம் வரை மேலே எடுத்து, தோள்மூட்டுக்குப் போகப் போகப் பூச்சியமாக்கித் தைக்க வேண்டும். புதிதாகத் தைக்கும்போது முதுகின் நடுவில் அரை அங்குல நீளம் கூட்டச் சொல்லுங்கள்.

ஆழமான முதுகுக்கழுத்து வேண்டுமென்றால் போடலாம், வயது அதற்குத் தடையல்ல. ஆனால் தோளைப் பிடித்து வைத்திருக்க மேலே ஒரு கயிறு வேண்டும். பின்கழுத்து எலும்பிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் இறக்கினால் கயிறில்லாத சட்டை நழுவும். வளைந்த முதுகு என்றால் ஐந்தோடு நிறுத்துங்கள்.

அறிகுறி: வயிற்றில் கொய்யகம் பந்துபோல் திரள்கிறது

சாறியில் எல்லாப் பழியும் வயிற்றுக்குப் போகிறது. பாதிப் பழி உட்பாவாடைக்கும் மீதி கொய்யகத்துக்கும் உரியது.

உட்பாவாடையைக் கண்ணாடியில் தனியாகப் பாருங்கள். இடுப்பு முழுக்கச் சுருக்கு வைத்து நாடா கட்டும் பாவாடையில் தொப்புளுக்கு முன்னால்தான் சுருக்குக் குவியும். அதற்கு மேல் கொய்யகம் வந்தால் ஒரு கைப்பிடித் துணி. ஆறு துண்டுப் பாவாடை தையுங்கள். முன்பக்கம் தட்டையாக, சுருக்கெல்லாம் நாரிப் பக்கத்துக்கு. இடுப்பில் மெல்லிய நாடாவுக்குப் பதில் இரண்டரை அங்குலப் பட்டி வைத்து, முடிச்சைப் பக்கவாட்டில் போடுங்கள்.

நாடா பற்றி இன்னொன்று. தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் தோல் கறுத்து, தடித்து, உரிந்து புண்ணாகும். அப்படி ஆண்டுக்கணக்கில் உராய்ந்த புண் தோல் புற்றாக மாறியதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது அரிது. என்றாலும் ஆறாத புண்ணை மஞ்சள் பூசி மறைத்து வைக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டி அகலமானால் அழுத்தம் பரவும், கட்டும் மட்டத்தை நாளுக்கு நாள் அரை அங்குலம் மாற்றினாலும் தோலுக்கு ஓய்வு கிடைக்கும்.

இனிக் கொய்யகம். ஆறு கொய்யகம் என்றால் இடுப்பில் செருகும் இடத்தில் பன்னிரண்டு அடுக்குத் துணி. ஒன்பது என்றால் பதினெட்டு. இளவயதில் நாலு அங்குலத்தில் எட்டு ஒன்பது வைத்த கையே இன்றும் அப்படியே வைக்கும். ஐந்து அங்குல அகலத்தில் ஐந்து அல்லது ஆறோடு நிறுத்துங்கள். செருகும்போது இரண்டு அங்குலத்துக்கு மேல் உள்ளே தள்ள வேண்டாம். தொப்புளுக்கு நேரே வைக்காமல் ஒன்றரை அங்குலம் இடப்பக்கம் தள்ளி வையுங்கள். வயிற்றின் உச்சி அங்கே இல்லாததால் கொய்யகம் நேரே கீழே விழும்.

அறிகுறி: பழைய சாறி இப்போது நீளம் போதவில்லை

சாறி சுருங்கவில்லை. கணக்கைப் பாருங்கள்.

சட்டைத் துணி வெட்டிய சாறி 5.5 மீற்றர், அதாவது 216 அங்குலம். பின்புறச் சுற்று 44 உள்ள ஒருவருக்கு முதற்சுற்றுக்கு 44 போகும். ஐந்து அங்குலக் கொய்யகம் ஒன்றுக்கு 10 அங்குலம், ஆறுக்கு 60. இரண்டாம் சுற்றுக்கு இன்னொரு 44. வலப்பக்க நாரியிலிருந்து நெஞ்சைக் கடந்து இடந்தோளுக்கு 30. மிஞ்சுவது 38, அதுதான் முந்தானை. பின்புறச் சுற்று 40ஆக இருந்த காலத்தில் இரண்டு சுற்றிலும் எட்டு அங்குலம் மிச்சமாகியிருக்கும், ஏறக்குறைய ஒரு கொய்யகம். பழைய பழக்கத்தில் ஏழு வைத்தால் அது முந்தானையிலிருந்துதான் கழியும்.

ஒரு கொய்யகத்தைக் குறைப்பது முதல் வழி. இரண்டாவது வழி புடவைக்கடையிலேயே தொடங்குகிறது. சட்டைத் துணி சேர்ந்த சாறிகளில் அந்தத் துண்டு 80 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். அது உள்முனையில், அதாவது முந்தானைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தால் வெட்டாதீர்கள். முதற்சுற்றில் உள்ளே மறைந்துவிடும், உங்களுக்கு 31 அங்குலம் கூடும், மூன்று கொய்யகம். எப்படியும் மார்புச் சுற்று 42க்கு மேல், முழங்கை வரை கை என்றால் அந்த 80 சென்ரிமீற்றர் போதாது. தைப்பவர் இழுத்துப் பிடித்துக் கைவளைவில்தான் மிச்சம் பிடிப்பார். சட்டைக்குத் தனியாக 1 முதல் 1.25 மீற்றர் துணி வாங்குங்கள். துண்டு முந்தானைக்கு அப்பால் இருந்தால் வெட்டத்தான் வேண்டும்.

அறிகுறி: இடப்பக்க இடுப்பு வெளியே தெரிகிறது

முந்தானையைத் தோளில் மூன்று அங்குலத்துக்கு ஒடுக்கி மடித்துக் குத்துவதன் விளைவு இது. மடிப்பை ஐந்து அங்குலமாக்கி, ஆகக் கீழ் மடிப்பின் விளிம்பு இடுப்புச் செருகலைத் தொடும்வரை தளர விட்டு, பிறகு தோளில் குத்துங்கள். குத்தும் இடம் தோளின் உச்சியல்ல. உச்சிக்கு ஒரு அங்குலம் பின்னால். முன்னால் குத்தினால் பாரம் சட்டையை முன்னுக்கு இழுத்துக் கழுத்தைத் திறக்கும்.

அறிகுறி: சோளகத்தில் சாறி பறக்கிறது

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் அடிக்கும் ஊர் இது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பெரும்பாலும் இந்தக் காற்றுக்குள்தான் வரும். ஜோர்ஜெற், சிபோன் போன்றவை காற்றுப் பட்டதும் வயிற்றோடும் தொடையோடும் ஒட்டி, மறைக்க நினைத்ததையே வரைந்து காட்டும். பாரமான பருத்தி அல்லது கைத்தறி அந்த மாதங்களுக்கு நல்லது. அடிக்கரையின் உட்புறம் பட்டித்துணி தைத்தால் கொய்யகம் பாரத்தோடு நிற்கும்.

பின் குத்தும் இடம் முக்கியம். இடுப்பில் ஒன்று. அதற்கு எட்டு ஒன்பது அங்குலம் கீழே, பின்பக்கமாகக் கைவிட்டு, உள்ளே இருக்கும் மூன்று நாலு கொய்யகத்தை மட்டும் ஒரு சட்டைப்பின்னால் சேர்த்துவிடுங்கள். வெளிக் கொய்யகத்தைச் சேர்த்தால் பஸ் படியில் கால் வைக்கும்போது அதுதான் முதலில் கிழியும்.

அறிகுறி: பஞ்சாபி பின்புறத்தில் பிடித்து, வெட்டு விரிகிறது

மேற்சட்டையின் பக்க வெட்டு பின்புறத்தின் ஆக அகன்ற இடத்துக்குக் கீழே தொடங்கினால் துணி அங்கே மாட்டிக்கொண்டு மேலே ஏறி வயிற்றில் மடியும். பார்ப்பவருக்கு வயிறு பெரிதுபோல் தெரியும். உண்மையில் பிழை வெட்டில். பக்கத் தையலை ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் மேலே பிரித்துவிட்டால் போதும், பத்து நிமிட வேலை. பிரித்த முனையில் குறுக்கே நாலு தையல் போட்டுப் பலப்படுத்துங்கள். இடுப்புவரை பிரித்துவிடவும் கூடாது, இருக்கும்போது சதை தெரியும்.

றெடிமேட் வாங்கும்போது தோளுக்குப் பொருந்துவதை எடுங்கள். தோளைத் திருத்துவது ஆகச் சிக்கலான வேலை, பக்கங்களைத் திருத்துவது எளிது. பெரிய அளவுக்குப் போனால் வயிறு மறையும் என்பது கடைக் கண்ணாடி வரைக்கும்தான். தோள் இறங்கிய சட்டையில் முழு உடம்பும் பெருத்துத் தெரியும். மேற்சட்டையின் நீளம் தொடையின் தடித்த இடத்தில் முடியாமல் முழங்காலுக்கு இரண்டு அங்குலம் மேலேயோ கீழேயோ முடியட்டும்.

காற்சட்டை இலாஸ்ரிக் உருண்டு சுருண்டால் அது அரை அங்குல இலாஸ்ரிக். ஒன்றரை அங்குலம் வாங்கி, இடுப்பு அளவிலிருந்து மூன்று அங்குலம் குறைத்து வெட்டுங்கள். இடுப்பு 36 என்றால் 33. உருளாமல் இருக்க, பக்கத் தையல்கள் இரண்டிலும் மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓட்டி இலாஸ்ரிக்கைத் துணியோடு பிடித்துவிடுங்கள்.

ஆண்களுக்கு

வண்டி, அதாவது தொப்பை, வைத்தவர்கள் பெரும்பாலும் லோங்ஸை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு 34தான் என்று சாதிப்பார்கள். அப்போது கவட்டுப் பகுதி தொங்கி, கால் குட்டையாகத் தெரியும். முன் உயரம் கூடிய லோங்ஸை வாங்கித் தொப்புள் மட்டத்துக்கு அருகில் கட்டினால் அளவு 38 ஆகும், தோற்றம் மெலியும். சேட்டில் வயிற்றுக்கு நேரான தெறி விரிந்தால் இருந்து பார்த்து அளவெடுங்கள். உள்ளே விடாமல் போடும் சேட்டின் அடி நேராக இருக்கட்டும், லோங்ஸ் சிப்பின் பாதிக்கு வந்தால் போதும்.

நல்லூருக்குள் சேட்டில்லாமல்தான் போக வேண்டும், அங்கே மறைப்பு என்ற பேச்சில்லை. வேட்டி நழுவாமல் நின்றால் சரி. 3.6 மீற்றர் வேட்டியை இரட்டையாக மடித்தால் கட்டும் நீளம் 1.8 மீற்றர். வயிற்றுச் சுற்று 42 அங்குலம் என்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது 29 அங்குலமளவில்தான், நடக்கும்போது விலகும். 4 மீற்றர் வேட்டி வாங்கினால் எட்டு அங்குலம் கூடக் கிடைக்கும். வயிற்றின் உச்சியில் கட்டினால் உருண்டு இறங்கும். உச்சிக்குக் கீழே, இடுப்பெலும்பில் பிடிக்கக் கட்டுங்கள்.

அறிகுறி: இரண்டாம் தோய்ப்போடு சட்டை இறுகிவிட்டது

உடம்பு இரண்டு கிழமையில் பெருக்காது. உட்துணி சுருங்கியிருக்கிறது. தோய்க்காத பருத்தி லைனிங் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கலாம். 40 அங்குலச் சட்டையில் அது ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம். மேல் துணி பொலியெஸ்ரர் கலந்தது என்றால் அது சுருங்காது. உள்ளே இறுகி, வெளியே சுருக்கம் விழும். கொடுக்க முன்னர் லைனிங்கை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயவிட்டு, மினுக்கிக் கொடுங்கள். தைத்தானபின் என்றால் பக்கத் தையலில் உட்துணியை மட்டும் பிரித்து விடலாம்.

திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும் ஆண்டுகள் இவை. அவிச்சல் நாளில் பொலியெஸ்ரர் லைனிங் வைத்த சட்டை ஈரத்தோடு ஒட்டும். மேல் துணி எதுவானாலும் உட்துணி பருத்தியாக இருக்கட்டும்.

புதிய அளவுச் சட்டை

மலிவான லைனிங் துணி ஒன்றேகால் மீற்றர் வாங்கி, கை, கழுத்து, டாட் எல்லாம் வைத்து ஒரு வெள்ளோட்டச் சட்டை தைப்பியுங்கள். பட்டி மடிக்க வேண்டாம், கொழுக்கிக்குப் பதில் பின் போதும். அதைப் போட்டு நின்று, இருந்து, கையைத் தூக்கிப் பாருங்கள். திருத்த வேண்டிய இடத்தைக் காய்ந்த சவர்க்காரத் துண்டின் விளிம்பால் துணியிலேயே கோடு போடுங்கள். முன்பாக அகலமும் முதுகு அகலமும் வேறு வேறாக எழுதுங்கள். தோளிலிருந்து மார்பு முனை வரையான நீளம், மேற்கைச் சுற்று, இருந்து எடுத்த இடுப்பு ஆகியவற்றையும் உட்புறம் பேனையால் எழுதி, திகதியும் போட்டுவிடுங்கள். இனி தையற்கடைக்குப் போக வேண்டியது இதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். மார்பைச் சுற்றி உடலளவோடு ஒன்றரை அங்குலத் தளர்வு பருத்திக்குப் போதும், இழுபடாத பட்டுக்கு இரண்டு வையுங்கள். திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ என்றால் நாலு கிழமைக்கு முன்னரே கொடுங்கள். கடைசிக் கிழமையில் கொடுத்த சட்டையைப் போட்டுப் பார்த்துத் திருத்த யாருக்கும் நேரமிராது.

திருத்த முடியாதவை

கூறைச் சட்டையை மகளின் சாமத்திய வீட்டுக்கோ கலியாண வீட்டுக்கோ மீண்டும் போட ஆசைப்படுவது வழக்கம். இருபது வருடம் மடிப்பில் கிடந்த பட்டில் பக்கத் தையலைப் பிரித்து விட்டால், உள்ளே இருந்த துணி பழைய நிறத்திலும் வெளியே இருந்தது மங்கியும் தெரியும். ஊசித் துளைகளும் வரிசையாக நிற்கும். சரிகை மடிப்பில் முறிந்திருந்தால் தையல் அதைத் தாங்காது. விட்டுத் தைப்பதை விட, இரண்டு பக்கமும் கமக்கட்டிலிருந்து அடிவரை வேறு நிறப் பட்டில் இரண்டு அங்குலப் பட்டையை வைத்துத் தைப்பது மேல். சாறிக் கரையின் நிறத்தில் எடுத்தால் வேண்டுமென்றே வைத்ததுபோல் இருக்கும். கைகளை முழுதாகக் கழற்றி அதே நிறத்தில் புதிதாகப் போடலாம். துணி விரலால் இழுத்ததும் நூல் நூலாகப் பிரிந்தால் அதோடு விடுங்கள். சரிகைக் கரையை மட்டும் கவனமாக வெட்டியெடுத்து, புதிய சட்டையின் கை விளிம்பில் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.